காணும் பொங்கலுக்குக் கடலடிக் காடு: கேப் டவுனில் குளிர்நீர் டைவ் செய்ய முழு வழிகாட்டி

எங்கள் தூத்துக்குடியில் காணும் பொங்கல் என்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு முயல்தீவுக்கோ துறைமுகக் கடற்கரைக்கோ போவதுதான். பொங்கல் முடிந்து வீட்டில் அடைந்து கிடக்காமல், போய் நாலு இடத்தைக் காண வேண்டிய நாள் அது. வேலைக்காகக் கேப் டவுன் வந்தபிறகு அந்த நாளை எப்படிக் கொண்டாடுவது என்று இரண்டு வருஷம் தெரியவில்லை. மூன்றாவது வருஷம் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பிறந்து வளர்ந்த ஓர் அக்கா வழி காட்டினார். டர்பனுக்குத் தெற்கே அலிவால் ஷோலில் பல வருஷம் டைவ் செய்தவர். "தம்பி, இந்த ஊர்ல காணுறதுக்கு உள்ளது எல்லாம் தண்ணிக்குக் கீழதான் இருக்கு" என்றார். அன்றிலிருந்து என் காணும் பொங்கல் கெல்ப் காட்டுக்குள்தான்.

கெல்ப் என்பது மரம்போல் உயர்ந்து வளரும் கடற்பாசி. இங்கே பெரிதாக வளர்வதைக் கடல் மூங்கில் என்கிறார்கள். பாறையில் வேர்போன்ற பிடி, நீண்ட தண்டு, தண்டின் தலையில் வாயு நிறைந்த குமிழ், அதிலிருந்து நீர்மட்டத்தில் விரியும் நாடா இலைகள். 10 மீட்டருக்கு மேல் உயரும். வெதுவெதுப்பான தண்ணீரில் இது வளராது. மன்னார் வளைகுடாவில் பார்க்கவே முடியாததை இங்கே பார்க்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் குளிர். அதனால் குளிரை எப்படியாவது சகித்துக்கொள்ளலாம் என்று நினைத்து வராதீர்கள். அதற்கென்று ஒழுங்காகத் தயாராகி வாருங்கள். இந்த வழிகாட்டியில் பாதி அதைப் பற்றித்தான்.

யார் இறங்கலாம்

ஓப்பன் வாட்டர் என்கிற முதல்நிலை டைவிங் சான்றிதழ் இருந்தால் 18 மீட்டர் வரை இறங்கலாம். கெல்ப் காட்டுக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை, நல்ல காட்சிகள் எல்லாம் 5 முதல் 12 மீட்டருக்குள் முடிந்துவிடும். சான்றிதழ் இல்லாதவர்கள் பயிற்சியாளரோடு அறிமுக டைவ் செய்யலாம், அல்லது சூட் போட்டு ஸ்நார்க்கல் மட்டும் செய்யலாம். கெல்ப் காட்டை மேலிருந்து பார்ப்பதும் குறைந்த காட்சி இல்லை.

ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதுப் பிரச்சினை இருப்பவர்கள் மருத்துவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் வர வேண்டாம். கர்ப்பிணிகள் டைவ் செய்யவே கூடாது. சளி பிடித்திருந்தால் அந்த வருஷம் கரையில் இருங்கள். காது அடைத்துக்கொண்டு கீழே போனால் செவிப்பறை கிழியும்.

டர்பனிலோ அந்தமானிலோ மாலத்தீவிலோ 100 டைவ் செய்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கே முதல் நாளே பெரிய இடத்துக்குப் போகாதீர்கள். சைமன்ஸ் டவுனில் லாங் பீச் என்று ஒரு கடற்கரை இருக்கிறது. மணல் தரை, ஆழம் குறைவு, அலை அடங்கிய இடம். இந்த ஊர்ப் பயிற்சியாளர்கள் மாணவர்களை முதலில் இறக்குவது அங்கேதான். தடித்த சூட், கையுறை, அமிழ்வதற்குக் கட்டும் கூடுதல் ஈயம் எல்லாவற்றோடும் ஒரு டைவ் அங்கே செய்து பழகிய பிறகு காட்டுக்குள் போங்கள்.

காற்றைப் பார்த்து இடத்தைத் தேர்வு செய்யுங்கள்

எந்த இடத்தில் இறங்குவது என்பதை டைவ் அன்றுதான் முடிவு செய்ய முடியும். முதல் வருஷம் ஒரு வாரம் முன்பே இடத்தை முடிவு செய்துவிட்டுப் போய், பச்சைத் தண்ணீரில் என் கைவிரலைக்கூடப் பார்க்க முடியாமல் திரும்பினேன்.

கேப் டவுனுக்கு இரண்டு பக்கமும் கடல். மேற்கே அட்லாண்டிக், கிழக்கே ஃபால்ஸ் பே. ஜனவரியில் இங்கே தென்கிழக்குக் காற்று அடிக்கும். நம் மீனவர் பேச்சில் சொன்னால் கொண்டலும் சோழகமும் கலந்த திசை. ஊர்க்காரர்கள் இதைக் கேப் டாக்டர் என்கிறார்கள், நகரத்தின் புகையையும் அழுக்கையும் அடித்துக்கொண்டு போய்விடுவதால். இந்தக் காற்று நாள்கணக்கில் வீசும்போது மேற்குக் கரையின் மேல்தண்ணீர் கரையை விட்டு விலகிப்போகும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து ஐஸ் போன்ற தண்ணீர் மேலே வரும். 10 முதல் 12 டிகிரி, சில நாள் அதற்கும் கீழே. ஆனால் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். அடியிலிருந்து வரும் அந்தத் தண்ணீரில்தான் கெல்ப்புக்கு வேண்டிய சத்தும் இருக்கிறது.

ஆக, காற்று இரண்டு மூன்று நாள் பலமாக வீசியிருந்தால் அட்லாண்டிக் பக்கம். கேம்ப்ஸ் பே தாண்டி ஔடெக்ரால் பகுதியில் பெரிய கருங்கல் பாறைகளுக்கு நடுவே அருமையான காடு இருக்கிறது. காற்று நின்று வெயில் காய ஆரம்பித்தால் அதே சத்தில் நுண்பாசிகள் பெருகி, இரண்டொரு நாளில் தண்ணீர் பச்சையாகிவிடும். அதனால் தள்ளிப்போடக் கூடாது. காற்று வீசவே இல்லை, அல்லது வடமேற்கிலிருந்து வீசுகிறது என்றால் ஃபால்ஸ் பே பக்கம் போகலாம். சைமன்ஸ் டவுனைத் தாண்டி விண்ட்மில் பீச், ஏ-ஃப்ரேம், காசில் ராக்ஸ், மில்லர்ஸ் பாயிண்ட் என்று வரிசையாக இடங்கள். கோடையில் அங்கே 17, 18 டிகிரி வரை இருக்கும், தெளிவு கொஞ்சம் குறைவு. புதியவர்களுக்கும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் எப்போதும் இந்தப் பக்கத்தையே சொல்வேன்.

காலையில் எழுந்ததும் டேபிள் மவுண்டனைப் பாருங்கள். மலைத் தலையில் வெள்ளை விரிப்பு போட்டதுபோல் மேகம் வழிந்துகொண்டிருந்தால் தென்கிழக்குக் காற்று வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்புறம் அலை உயரத்தைப் பாருங்கள். 2 மீட்டருக்கு மேல் காட்டினால் கரையிலிருந்து இறங்கும் டைவை நான் விட்டுவிடுவேன். அட்லாண்டிக் பக்கம் தென்கிழக்குக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது. தூரத்தில் மேலே வந்தால் நீந்தித் திரும்புவது பெரும் பாடு.

தேதியைப் பற்றி ஒன்று. காணும் பொங்கல் ஜனவரி 16 அல்லது 17 வரும். இங்கே அது அரசு விடுமுறை இல்லை. வார நாளில் வந்தால் அடுத்த சனி, ஞாயிறு இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். ஒரு நாள் கடல் ஒத்துவராவிட்டால் இன்னொரு நாள் இருக்கும்.

இந்தக் கரையின் பெரும்பகுதி 2004இல் அறிவிக்கப்பட்ட கடல் பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது. ஸ்கூபா டைவுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். டைவிங் கடையில் முன்கூட்டியே கேட்டால் எப்படி வாங்குவது என்று சொல்லிவிடுவார்கள்.

சூட்: நேரம் எடுத்துப் பொருத்துங்கள்

தண்ணீர் நம் உடம்புச் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். 12 டிகிரி என்பது கேட்க அவ்வளவு பயமாக இருக்காது. உள்ளே இறங்கியதும் தெரியும்.

7 மில்லிமீட்டர் வெட்சூட், இணைந்த அல்லது தனித் தலையுறை, கையுறை, காலுக்குப் பூட்டி. இது குறைந்தபட்சம். தண்ணீர் உள்ளே புகாத ட்ரைசூட் இன்னும் நல்லது, ஆனால் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். வாடகைக்கு எடுத்து நேரே கடலில் இறங்கும் சாமான் இல்லை.

வெட்சூட்டில் தடிமனைவிடப் பொருத்தம் முக்கியம். என் முதல் அட்லாண்டிக் டைவில் ஒரு கடையில் ஒரு சைஸ் பெரிய சூட்டைக் கொடுத்து "பரவாயில்லை, போடுங்க" என்றார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். முதுகுக்குழியில் கையளவு இடைவெளி. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் புதுத் தண்ணீர் உள்ளே புகுந்து பழைய தண்ணீரை வெளியே தள்ளியது. 15 நிமிஷத்தில் தாடை நடுங்கி, மூச்சு விட வாயில் வைக்கும் ரெகுலேட்டரைக் கடிக்க முடியாமல் மேலே வந்தேன். அதனால் கடையிலேயே முழுதாகப் போட்டுப் பாருங்கள். குனியுங்கள், கையைத் தூக்குங்கள், உட்காருங்கள். முதுகுக்குழி, அக்குள், கழுத்து, கவட்டை இந்த நாலு இடத்திலும் சூட் தோலோடு ஒட்டி இருக்க வேண்டும். மூச்சு மட்டும் தாராளமாக விட முடியவேண்டும். கழுத்து இறுகித் தலை சுற்றினால் அது சின்ன சைஸ்.

ஏற்றுவதற்கு ஒரு வழி. காலில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு சூட்டுக்குள் விட்டால் வழுக்கிக்கொண்டு போகும். விரல் நகத்தால் இழுக்காதீர்கள், சூட்டின் நியோப்ரீன் ரப்பர் கிழியும். விரல்களின் சதையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். கையுறையைக் கடைசியாகப் போடுங்கள். அதைப் போட்டபிறகு ஜிப், பக்கிள் எதுவும் கைக்குப் பிடிபடாது.

தடித்த சூட் மிதக்கும், அதனால் ஈயம் கூடுதலாகக் கட்ட வேண்டும். எனக்கு ஊரில் 4 கிலோ போதும், இங்கே 11. உங்கள் அளவைக் கரையோரத் தண்ணீரில் சோதித்துக்கொள்ளுங்கள். மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டையான பி.சி.டி.யில் காற்றை முழுதாக வெளியேற்றிவிட்டுச் சாதாரண மூச்சைப் பிடித்து நில்லுங்கள். தண்ணீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டதும் மெதுவாக அமிழ வேண்டும். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது சோதித்தால் இரண்டு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள், முடிவில் சிலிண்டர் லேசாகிவிடும். கீழே போகப் போகச் சூட் நசுங்கி மிதப்பு குறையும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். பி.சி.டி.யில் காற்றைச் சிறுசிறு அழுத்தமாகச் சேர்க்க வேண்டும்.

டைவ் நாள் காலை

வெண்பொங்கலை நெய் விட்டு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இறங்காதீர்கள். இரண்டு மணி நேரம் முன்பு கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். சர்க்கரைப் பொங்கலைத் தூக்குச்சட்டியில் எடுத்து வாருங்கள், வெளியே வந்தபிறகு அதன் அருமை தெரியும். இரண்டு ஃபிளாஸ்க் வேண்டும். ஒன்றில் சுக்குக் காப்பி. இன்னொன்றில் கை பொறுக்கும் சூட்டில் வெறும் வெந்நீர், அது கையுறைக்குள்ளும் பூட்டிக்குள்ளும் ஊற்ற.

மில்லர்ஸ் பாயிண்ட் பக்கம் போகிறவர்கள் கார் கதவைப் பூட்டி வையுங்கள். அங்கே பபூன் குரங்குகள் சுற்றும். புளியோதரைப் பொட்டலம் கண்ணில் பட்டால் காருக்குள்ளேயே ஏறிவிடும். பாவம் என்று ஒரு உருண்டைகூடப் போடக் கூடாது. கனுப்பிடி வைத்துக் காக்கைக்கும் குருவிக்கும் படைக்கும் மனசு நமக்கு உண்டு. ஆனால் மனிதச் சோற்றுக்குப் பழகிய குரங்கை இங்கே கடைசியில் கொல்ல வேண்டிய நிலை வரும்.

கரையில் ஒருவர் நிற்க வேண்டும். எத்தனை மணிக்குள் வருவீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். கடல் மீட்புப் படையான என்.எஸ்.ஆர்.ஐ.யின் அவசர எண் 087 094 9774. கைப்பேசியிலிருந்து 112ஐயும் அழைக்கலாம்.

இறங்குதல்

முதல் மூன்று நிமிஷம்தான் கடினம். குளிர்ந்த தண்ணீர் முகத்தில் பட்டதும் மூச்சு தானாக இழுத்து இழுத்து வரும். நெற்றியில் ஐஸ் வைத்ததுபோல் வலிக்கும். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் முகத்தில் தண்ணீரை அள்ளி நாலைந்து முறை விடுங்கள். மாஸ்க் போட்டு, ரெகுலேட்டரை வாயில் வைத்து, முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்து நிதானமாக மூச்சு விடுங்கள். மூச்சு சீரான பிறகே கீழே போக வேண்டும். சீராகவில்லையா, கரைக்குத் திரும்புங்கள். துணைக்கு வருகிறவர் ஒன்றும் சொல்ல மாட்டார். சொன்னால் அடுத்த முறை வேறு துணையைப் பாருங்கள்.

குளிரில் சிலிண்டர் காற்று வேகமாகக் காலியாகும். சிலிண்டர் அழுத்தம் 200 பாரில் தொடங்கினால் 100 பாரில் திரும்ப ஆரம்பியுங்கள், மேலே வரும்போது 50 பாராவது மிச்சம் இருக்கட்டும். நீர்மட்டத்தில் கெல்ப் அடர்ந்து கிடந்தால் அதன்மேல் நீந்த முடியாது. கொஞ்சம் அமிழ்ந்து அடியில் நீந்தித்தான் கரைக்கு வர வேண்டும், அதற்குக் காற்று வேண்டும்.

காட்டுக்குள் போனதும் தண்டுகள் எல்லாம் அலைக்கு ஏற்ப ஒரே பக்கம் சாயும், பிறகு மறுபக்கம் சாயும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அலை பின்னால் இழுக்கும்போது சும்மா இருங்கள், முன்னால் தள்ளும்போது காலை அடியுங்கள். எதிர்த்து நீந்தினால் பத்து நிமிஷத்தில் களைத்துவிடுவீர்கள். தொங்கும் குழாய், டார்ச், மீட்டர் எல்லாவற்றையும் உடம்போடு செருகி வையுங்கள். கெல்ப் மாட்டிக்கொண்டால் சுற்றித் திரும்பாதீர்கள், அது இன்னும் சுற்றும். நில்லுங்கள். எங்கே மாட்டியது என்று கையால் தடவிப் பாருங்கள். இழுத்தால் ரப்பர்போல் நீளும், வெள்ளரிக்காயை ஒடிப்பதுபோல் மடித்தால் பட்டென்று ஒடியும்.

மேலே வரும்போது தலையை நிமிர்த்தி, ஒரு கையை உயர்த்தி, வெளிச்சம் தெரியும் இடைவெளி பார்த்து வாருங்கள். உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்கும்போது தண்டைப் பிடித்துக்கொள்ளலாம். பிடித்து நிற்க இவ்வளவு நல்ல கயிறு வேறு எங்கும் கிடைக்காது.

என்ன காணலாம்

ஓர் இடத்தில் நின்று பாருங்கள். 30 மீட்டர் சுற்றளவுக்குள் ஒரு டைவ் முழுவதையும் செலவழிக்கலாம். நிறைய தூரம் போகிறவர்கள்தான் ஒன்றையும் பார்க்காமல் வருவார்கள்.

பாறைத் தரை முழுக்க ஊதாவும் பச்சையுமாகக் கடல் முள்ளெலிகள், கடல் சாமந்திகள், சிவப்பு நட்சத்திர மீன்கள். பிளவுகளில் சிங்கி இறால் மீசையை ஆட்டிக்கொண்டிருக்கும். பேய்க்கணவாய் இருக்கும் பொந்தைக் கண்டுபிடிக்க வாசலைப் பாருங்கள், தின்ற சிப்பிகளின் ஓடு குவிந்து கிடக்கும். ஓடில்லாத கடல் நத்தைகள் ஒரு விரல்மூட்டு அளவுக்குள் எத்தனை நிறம்! பெர்லமூன் என்கிற பெரிய ஓட்டு நத்தையும் இருக்கும், தட்டையான காதுபோல. கள்ளவேட்டையால் அது அழிந்துகொண்டு வருகிறது. தொட வேண்டாம்.

சுறா என்றதும் வீட்டில் பயப்படுவார்கள். இங்கே நீங்கள் அதிகம் பார்க்கப்போவது கை நீளமே உள்ள வெட்கச் சுறாக்கள். பயந்தால் வட்டமாகச் சுருண்டு வாலால் கண்ணை மூடிக்கொள்ளும். அப்படிச் சுருண்டால் நீங்கள் நெருங்கிப் போய்விட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். உடம்பு நீளத்துக்குக் கோடு போட்ட பைஜாமா சுறா பகலில் குகைகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்கும்.

போன பொங்கலுக்கு விண்ட்மில் பக்கம் அக்கா என் தோளைத் தட்டி ஒரு பாசிக் காம்பைக் காட்டினார். தேன்நிறத்தில், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பை. நாலு முனையிலும் சுருள் நூல், அதனால் காம்பைச் சுற்றிப் பிடித்திருந்தது. தொடாமல், டார்ச்சைப் பைக்குப் பின்னால் கொண்டுபோனார். உள்ளே மஞ்சள்கரு ஓர் உருண்டை, அதோடு ஒட்டிய ஒரு சின்னஞ்சிறு சுறாக்குஞ்சு. வால் இடமும் வலமும் துடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு மூச்சு நேரம் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். அதிக நேரம் வெளிச்சம் காட்டக் கூடாது.

மில்லர்ஸ் பாயிண்ட் அருகே பிரமிட் பாறைப் பக்கம் ஏழு செவுள் சுறாக்கள் வருவது பேர்பெற்ற காட்சி. பெரும்பாலான சுறாக்களுக்கு ஐந்து செவுள் பிளவு, இவற்றுக்கு ஏழு. ஈரலுக்காகச் சுறாக்களை வேட்டையாடும் ஓர்கா திமிங்கிலங்கள் இரண்டு வந்தபிறகு அவை பல காலம் காணாமல் போயின. முதுகுத்துடுப்பு ஒன்றுக்கு இடப்பக்கமும் ஒன்றுக்கு வலப்பக்கமும் சாய்ந்திருப்பதால் கப்பல்காரர் பேச்சில் இடம், வலம் என்று பொருள்படும் போர்ட், ஸ்டார்போர்ட் என்று பெயர். அதனால் ஏழு செவுள் சுறாவை நிச்சயம் பார்க்கலாம் என்று யாராவது சொல்லி டைவ் விற்றால் நம்பாதீர்கள்.

ஹவுட் பே அருகே டைக்கர் தீவில் கடல்நாய்களோடு நீந்தலாம். படகில்தான் போக வேண்டும். 2024இல் இந்தக் கரையோரக் கடல்நாய்களிடம் வெறிநோய் உறுதிசெய்யப்பட்டது. ஜனவரியில் குட்டிகளும் இருக்கும். கையை நீட்டாதீர்கள், துரத்தாதீர்கள். ஒன்று முரட்டுத்தனமாக வந்தால் உடனே படகேறுங்கள். கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, எவ்வளவு சின்னக் கடியானாலும் அன்றே ஊசிக்குப் போக வேண்டும். சிறுபிள்ளைகளை நான் அங்கே கூட்டிப்போவதில்லை.

வெளியே வந்ததும்

30, 35 நிமிஷம் போதும். நடுக்கம் தொடங்கும் முன்பே கையைக் காட்டி மேலே வாருங்கள். காற்று மறைவில், முதலில் மேலுடம்பைத் துடைத்து உலர்ந்த உடை போட்டு, கம்பளித் தொப்பி வையுங்கள். அதன்பிறகு காலுக்குப் போங்கள். சுக்குக் காப்பியைக் கருப்பட்டி போட்டு இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கும்போது விரல்நுனிக்கு உயிர் வருவது ஊசி குத்துவதுபோல் தெரியும். கொதிக்கும் ஷவரில் உடனே நிற்காதீர்கள், மதுவும் வேண்டாம். யாருக்காவது பேச்சு குழறினால், கை தடுமாறினால் அது சாதாரணக் குளிர் இல்லை. சூடான இடத்தில் படுக்க வைத்து 112ஐ அழையுங்கள்.

அன்று மாலை குடும்பத்தோடு கேபிள் காரில் டேபிள் மவுண்டன் ஏறலாம் என்று திட்டம் போடாதீர்கள். உச்சி 1,086 மீட்டர். டைவ் செய்த உடம்பிலிருந்து நைட்ரஜன் வெளியேறும் முன் உயரத்துக்குப் போவது விமானம் ஏறுவதற்குச் சமம். மலையை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். ஜோஹன்னஸ்பர்க், டர்பன் திரும்புகிறவர்கள் ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், அதற்கு மேல் என்றால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும்.

தண்ணீரில் இறங்காத பெரியவர்களுக்கும் அன்று காண ஏதாவது வேண்டும். சைமன்ஸ் டவுன் பக்கம் போனால் பௌல்டர்ஸில் மரப்பாலத்தில் நடந்தபடி பென்குயின்களைப் பார்க்கலாம். நகரத்துக்குள் டூ ஓஷன்ஸ் அக்வாரியத்தில் நிஜக் கெல்ப் வளரும் ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. போன வருஷம் என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அந்தக் கண்ணாடி முன்னால் பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "இதுக்குள்ளயா போற?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் கரையில் ஃபிளாஸ்க்கோடு நிற்கத் தானாகவே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சூட், ரெகுலேட்டர், கையுறை எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். 7 மில்லிமீட்டர் சூட் காய இரண்டு நாள் ஆகும். அக்கா டர்பனிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு கட்டுக் கரும்பு கொண்டுவருவார். 1860இல் தொடங்கி நம் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது எந்தக் கரும்புத் தோட்டங்களுக்காகவோ, அந்த நேட்டால் மண்ணில் விளைந்த கரும்பு. சூட் கொடியில் சொட்டிக்கொண்டிருக்க, பின்கட்டில் உட்கார்ந்து அதைக் கடித்தபடி, பார்த்ததை எல்லாம் லாக் புத்தகத்தில் எழுதுவோம். தண்ணீர் எத்தனை டிகிரி, ஈயம் எத்தனை கிலோ, காற்று எந்தத் திசை. அடுத்த தைக்கு இந்த மூன்றும்தான் முதலில் தேவைப்படும்.